அவன் குடித்த பியர்

"ஸ்ட்ரோங்தான்டி அவன் குடிச்சது! என்ட மகன் வேற என்னத்தக் குடி..."

"உங்கட மகன் குடிச்சத நீங்க எப்பக் கண்டீங்க? கறுப்புத்தான், ஸ்டவுட்டு..."

"ஸ்டவுட்டு பொம்பிளையள் குடிக்கிறதடி! பிள்ளப் பெத்தவளுக்கு முட்டையடிச்சுக் குடுக்கிறது!"

"அவன்ட கட்டிலுக்குக் கீழ கிடந்த நாலு போத்தலையும் கூட்டி அள்ளினது நீங்களா நானா? மனுசன் கத்தினா கறுப்பு வெள்ளையாகிடுமா?"

பஸ்தியானும் யூஜீனியாவும் சண்டை பிடிப்பது கண்டக்குழியில் புதினமில்லை. உப்புக் கூடினாலும் சண்டை, குறைந்தாலும் சண்டை. ஆனால் அன்றைக்கு வேலிக்கு அப்பால் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களுடைய மகன் அனிஸ்டஸ் கடலில் போய் அன்றைக்கு முப்பத்தோராம் நாள்.

கச்சான் காற்று எழும்பிய அன்று விடியப்புறம், போட்ட வலையை எடுத்து வருகிறேன் என்று தனியாகப் போனவன். போட் மாம்புரிப் பக்கம் கவிழ்ந்து கரையொதுங்கியது. ஆள் ஒதுங்கவில்லை. நேவிக்காரர் தேடினார்கள், ஊர்ப் போட்டுகள் பதினெட்டும் தேடின. ஒரு சட்டைத்துணிகூட மிஞ்சவில்லை.

உடம்பு கிடைக்காதவனுக்குக் கல்லறை ஏது? அப்படிப் போனவர்களுக்கு அந்தக் கரையில் ஒரு மேசைதான் உண்டு. முப்பத்தோராம் நாள் பொழுது சாயும்போது கடற்பக்கக் கதவைத் திறந்துவிட்டு, போனவர் ஆசையாய்ச் சாப்பிட்டதையும் குடித்ததையும் மேசையில் வைத்து, பெற்றவள் கையால் ஊற்ற வேண்டும். ஆசைப்படாததை வைத்தால் வந்தவர் வாசலோடு திரும்பிவிடுவார், பிறகு எத்தனை பூசை வைத்தாலும் வரமாட்டார் என்பது பேச்சு. பங்குச் சுவாமி இதையெல்லாம் ஒத்துக்கொள்வதில்லை. ஒத்துக்கொள்ளாவிட்டாலும், அந்த நாளில் அந்தத் தெருப் பக்கம் வராமல் இருந்துவிடுவார்.

சோறு வைத்தாயிற்று. சீலா மீன் பொரியல் வைத்தாயிற்று. தேங்காய்ச் சம்பலை அவன் கேட்கும் பதத்தில், வெங்காயம் கூடப் போட்டு வைத்தாயிற்று. இவற்றில் சண்டையே இல்லை. ஒரு கிளாஸ் மட்டும் வெறுமையாய் நின்றது. அதற்கு இந்தப் பக்கம் பஸ்தியான் வாங்கி வந்த ஸ்ட்ரோங் பியர். அந்தப் பக்கம் யூஜீனியா பக்கத்து வீட்டுக்காரனைக் குடி விற்கும் தவறணைக்கு அனுப்பி எடுப்பித்த கறுப்பு பியர், ஸ்டவுட்.

"ஸ்ட்ரோங் ஒரு மிடறு உள்ள போனா எஞ்சின் ஸ்டார்ட் எடுத்த மாதிரி" என்றான் பஸ்தியான். "கடல்காரன் குடிக்கிறது அது. உன்ட கறுப்பு, அடுப்புக்கரி கரைச்ச கசாயம்."

"உங்கடது கசப்புத் தண்ணிக்குச் சாராயம் ஊத்தினது. கறுப்புல பனங்கட்டி தீஞ்ச வாசம் ஒண்டு இருக்கு. ருசி தெரிஞ்சவனுக்கு அது விளங்கும். என்ட புள்ளைக்கு ருசி தெரியும்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "ரெண்டையும் வைப்பமே. விருப்பமானத அவன் எடுக்கட்டும்."

"ரெண்டு வச்சா, அப்பனுக்கும் ஆத்தாவுக்கும் என்னைத் தெரியாதெண்டு அவனுக்கு விளங்கிடும்."

சொல்லிவிட்டு பஸ்தியான் கதிரையில் உட்கார்ந்தான். அதுதானே உண்மை. தகப்பனுக்கு முன்னால் மகன் கிளாஸ் தூக்காத ஊர் அது. பேரன் கண்டவனானாலும், தகப்பன் வருகிறார் என்றால் போத்தலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவான். தகப்பனும் காணாதது மாதிரிப் போய்விட வேண்டும். இருபத்தாறு வயது வரைக்கும் அனிஸ்டஸ் அப்படித்தான் இருந்தான். "என்ட மகன் எனக்கு முன்னால வாயில வைக்கமாட்டான்" என்று தவறணை வாசலில் நின்று எத்தனை பேருக்குப் பீற்றியிருப்பான் பஸ்தியான்! அந்தப் பெருமை இப்போது தொண்டையில் குத்திய முள், விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து வேலிப் படலையைத் திறந்துகொண்டு நளீர் வந்தான். வெள்ளைக்காரர் வந்து தங்கும் கபானாவில் மேசைக்குப் பரிமாறுகிறவன், அனிஸ்டஸின் கூட்டாளி. யுத்தம் முடிந்து கடல் திறந்த பிறகு கரையில் முளைத்த கபானாக்களில் அதுவும் ஒன்று. டொல்பின் பார்க்க வருகிறவர்களை அனிஸ்டஸ் அங்கிருந்துதான் போட்டில் ஏற்றிப் போவான். நளீர் பேப்பரில் சுற்றிய போத்தல் ஒன்றை மேசை ஓரத்தில் வைத்தான்.

"அங்கிள், இது... அவன் குடிச்சது."

பேப்பரை விலக்கினாள் யூஜீனியா. மங்கல் மஞ்சளாய், அடியில் மண்டி படிந்த பியர். "இதென்ன, பழுதாப் போனதா?"

"இல்ல ஆன்ட்டி. கோதுமையில காய்ச்சினது. அப்பிடித்தான் கலங்கி இரிக்கும். சனிக்கிழமையில ஒண்டு குடிப்பான், அதுக்கு மேல இல்ல. தோடம்பழத் தோல் மணக்குதாம், கிராம்பு மணக்குதாம், வாயில கசக்காம நுரையாப் போகுதாம். கண்ணை மூடிக்கிட்டுத்தான் குடிப்பான்."

"நீ பள்ளிவாசலுக்குப் போறவன். குடிக்காத உனக்கு பியரப் பத்தி என்னடா தெரியும்?" என்று சீறினான் பஸ்தியான்.

"குடிக்காதவனுக்குத்தான் அங்கிள் ஞாபகம் இரிக்கும். குடிச்சவனுக்கு விடிஞ்சா மறந்து போகும்."

வேறொரு நாளென்றால் யூஜீனியா சிரித்திருப்பாள். அவள் ஸ்டவுட் போத்தலைத் தொட்டாள். "அப்ப இது? கட்டிலுக்குக் கீழ கிடந்ததே."

நளீர் தலையைக் குனிந்தான். "அது உங்களுக்கு வாங்கினது ஆன்ட்டி. உடம்பில ரத்தம் காணாதெண்டு டொக்டர் சென்னாராமே. நேர குடுத்தா காசைக் கரியாக்கிறாய் எண்டு ஏசுவீங்களாம். அதால, தான் குடிச்ச மிச்சம் எண்டு செல்லித்தான் தருவானாம். அவனுக்கு அந்த வாசமே பிடிக்காது."

சனிக்கிழமைகளில் அரைக் கிளாஸ், "மிச்சம் கிடக்கும்மா, ஊத்தவும் மனமில்ல" என்று நீட்டிய கை அவள் கண்ணுக்குள் வந்திருக்க வேண்டும். ஸ்டவுட்டை எடுத்துச் சீலைத் தலைப்புக்குள் அணைத்துக்கொண்டாள்.

பஸ்தியான் அந்தக் கலங்கல் போத்தலைப் பார்க்காமல் கடலைப் பார்த்தான். அவனுக்கு அது புதிதில்லை. இவ்வளவு நேரமும் ஸ்ட்ரோங், ஸ்ட்ரோங் என்று தொண்டை கிழியக் கத்தியதே அது ஞாபகம் வராமல் இருக்கத்தான்.

சித்திரை மாதம். கபானாவுக்கு மீன் கொடுக்கப் போனபோது குசினிக்குப் பின்னால் மகன் இருந்தான், கையில் இதே மஞ்சள். தகப்பனைக் கண்டதும் மரியாதையாய் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். பஸ்தியானும் காணாத மாதிரி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கையை இழுத்து, கிளாஸைப் பறித்து, மோந்து பார்த்து, "என்னடா இது, பழச்சாறா? வெள்ளைக்காரிச்சியள் குடிக்கிறதக் குடிக்கிறியா? குடிக்கிறதெண்டா ஆம்பிள மாதிரிக் குடி!" என்று சொல்லி மணலில் ஊற்றினான். வேலைக்காரர் சிரித்தார்கள். விளங்காவிட்டாலும் அங்கே நின்ற வெள்ளைக்காரர் இரண்டு பேரும் சிரித்தார்கள். அனிஸ்டஸ் மட்டும் நனைந்த மணலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அதுக்குப் பிறகும் குடிச்சானா?" என்று கேட்டான் பஸ்தியான். ஓம் என்று ஒரு சொல் வந்தால் போதும் என்று இருந்தது அவனுக்கு.

"இல்ல அங்கிள்."

"ஒருக்காலும்?"

"நான் எடுத்து வச்சன். இதை இனி என்ட கண்ணில காட்டாத எண்டுட்டான். ஸ்ட்ரோங் கேட்டான். முத நாள் அரைப் போத்தல்ல சத்தி எடுத்தான். ரெண்டாம் தரமும் எடுத்தான். ஏன்டா மச்சான் உனக்கு இந்த வேலை எண்டு கேட்டன். பழகிக்கிறன் எண்டான். பழகினதும் அப்பாவோட ஒரு நாளைக்கி இருந்து குடிக்கணுமாம். ஊர் என்ன செல்லுதோ செல்லட்டுமாம்."

யூஜீனியா கேட்டாள்:

"கடைசியா எப்பக் குடிச்சான்?"

நளீர் படலையைத் திரும்பிப் பார்த்தான், ஓடிவிடலாமா என்று பார்ப்பவன் போல.

"சொல்லு மகன். கேக்காம நான் என்ன செய்யப் போறன், இனி" என்றாள் அவள்.

"அண்டைக்கி விடியத்தான் ஆன்ட்டி. குசினிக் கதவைத் தட்டினான். காத்து எழும்புது மச்சான், போகாத எண்டன். வலை போயிடும் எண்டான். ரெண்டு ஸ்ட்ரோங் கேட்டான். வெறுவயிறு. ஸ்ட்ரோங் உள்ள போனா கடல் தென்னந்தோப்பு மாதிரித் தெரியும், பயம் போயிடும் எண்டு அப்பா செல்லுவார் எண்டு சிரிச்சான். ஒண்டை அங்கயே குடிச்சான். மத்ததை எடுத்துக்கிட்டுப் போனான்." அவன் குரல் உடைந்தது. "நான்தான் எடுத்துக் குடுத்தது. அல்லாஹ்வுக்காக, நான்தான் எடுத்துக் குடுத்தது."

அவனுக்கு ஆறுதல் சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை. படலையைச் சாத்திவிட்டுப் போய்விட்டான்.

பொழுது கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. திறந்த கதவால் வந்த காற்றில் சோற்றின் மேல் மணல் விழுந்தது. இத்தனை காலமும் இந்த மனுசியின் ஏச்சுக்குப் பதில் ஏச்சு வைத்திருந்த பஸ்தியான், அவள் இன்றைக்கும் ஏசட்டும் என்று காத்திருந்தான். கொன்றவனே என்று சொல்லட்டும், கொள்ளியால் அடிக்கட்டும். அவள் ஏசவில்லை. அணைத்திருந்த ஸ்டவுட்டை மேசையில் திருப்பி வைத்தாள். ஸ்ட்ரோங்கை எடுத்துப் பார்த்து வைத்தாள். கலங்கலையும் எடுத்துப் பார்த்தாள். ஒன்று அவனுக்குப் பிடிக்காதது. ஒன்று அவனைக் கொண்டுபோனது. மற்றது அவன் ஆசைப்பட்டது. அந்த ஆசையைத்தான் பஸ்தியான் நாலு பேருக்கு முன்னால் மணலில் ஊற்றியிருந்தான்.

அவள் வெறுங்கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு, அவனுக்கு நேரே வந்து நின்றாள்.

"இருட்டுது. சொல்லுங்க, என்ட புள்ளைக்கு நான் எத ஊத்த?"