காது தெரிய வேண்டும்

பல் டாக்டருக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பழைய லென்ஸின் மீது பித்துப் பிடித்தது. அதன் வளையத்தைக் கையால் திருகித் திருகித்தான் முகத்தைத் தெளிவுக்குக் கொண்டுவர வேண்டும். "மெஷின் தேடிக் கொடுக்கிற முகம் எனக்கு வேண்டாம். நானே தேடணும்" என்று வருகிற நோயாளிகளிடமெல்லாம் சொன்னார். வாயில் பஞ்சோடு படுத்திருந்த அவர்களால் மறுத்துப் பேச முடியவில்லை.

அந்த லென்ஸுக்குத் தீனி போடவே மனைவியோடு பயணம் கிளம்பினார். போன ஊரில் அவர் எந்தக் கட்டடத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. தெருவில் போகிறவர்களின் முகம் வேண்டும், அதுவும் இயல்பாக. ஆனால் அவர் திருகி முடிப்பதற்குள் சிரித்தவர்கள் சிரிப்பைச் சுருட்டிக்கொண்டு நடையைக் கட்டியிருப்பார்கள்.

ஒருநாள் காலை, அடையாள அட்டை அலுவலகத்தின் வெள்ளைச் சுவரில் சாய்ந்திருந்த பெரிய மீசைக்காரர் ஒருவர் கண்ணில் பட்டார்.

"அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

மீசைக்காரர் சட்டென்று நிமிர்ந்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். "காது ரெண்டும் தெரியுதா?"

"காதெல்லாம் எதுக்குண்ணே? நீங்க பாட்டுக்கு இருங்க. நான் இங்க இல்லேன்னு நினைச்சுக்குங்க."

"நீங்க இல்லேன்னா யாரு எடுக்கறது?"

டாக்டர் வளையத்தைத் திருகினார். மீசை தெளிந்தால் கண் மங்கியது, கண் தெளிந்தால் மீசைக்காரர் இருமினார். ஒருவழியாக அமுக்கிவிட்டு நிமிர்ந்தபோது, மீசைக்காரருக்குப் பக்கத்தில் சுவரோரமாக ஒரு வரிசையே நின்றது. எல்லோரும் தலைவாரியிருந்தார்கள்.

மனைவி அதற்குள் விசாரித்து வந்திருந்தாள். "என்னங்க, ஆபீஸ்ல போட்டோ எடுக்கிற மெஷின் கெட்டுப்போச்சாம். வெளியில எடுத்துட்டு வரச் சொல்லிட்டாங்களாம். உங்களை போட்டோக்காரர்னு நினைச்சுட்டாங்க."

"நான் கலைஞன்னு சொல்லு."

"சொன்னேன். பரவாயில்ல, எடுக்கட்டும்னாங்க."

வேறு வழியில்லாமல் எடுத்தார். எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் மனைவி படங்களை அச்சடித்துக் கொடுத்தாள். எல்லோரும் உள்ளே போனார்கள். போன வேகத்தில் எல்லோரும் திரும்பி வந்தார்கள். பின்னாலேயே குமாஸ்தாவும் வந்தார்.

"சார், இதுல மூக்கு மட்டும்தான் இருக்கு. ஆளு எங்கே?"

"பின்னணி கரையணும்னு லென்ஸை முழுசாத் திறந்து வெச்சேன். அதுதான் இதோட அழகே."

"பின்னணி கரையட்டும் சார். ஆளே கரைஞ்சிருக்காரே!"

டாக்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ரசனை கெட்ட ஊர் என்று சொல்ல வாயெடுத்தார். அப்போது மீசைக்காரர் தன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "வேலைக்கு லீவு போட்டுட்டு வந்தேனே" என்று யாரிடம் என்றில்லாமல் முனகினார். அந்த முகத்தைப் பார்க்க டாக்டரால் முடியவில்லை.

காமிராவை எடுத்தார். மூக்கு முதல் காது வரை எல்லாம் தெளிவாக விழ, லென்ஸின் திறப்பை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கினார். கடையிலிருந்து ஒரு நாற்காலியை வாங்கிச் சுவரோரம் போட்டு, தூரத்தை ஒரே தடவை சரிபார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு வளையத்தைத் தொடவே இல்லை. அவருக்கே தெரியாமல் ஆஸ்பத்திரிக் குரல் வந்துவிட்டது. "உட்காருங்க. தலையை அசைக்காதீங்க. வலிக்கவே வலிக்காது. அவ்வளவுதான், அடுத்தவங்க!"

ஊரே சொன்னபடி கேட்டது.

மத்தியானத்துக்குள் மீசைக்காரர் புது அட்டையோடு ஓடி வந்தார். அதில் அவர் யாரையோ அடிக்கப் போகிறவர் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தார்.

"அச்சு அசல் நானேதான்!"

டாக்டர் வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிந்தது. இவ்வளவு துல்லியமாக அவர் அதுவரை ஒரு முகத்தையும் பிடித்ததில்லை. "இதுல கலை எதுவும் இல்லையே" என்றார். அட்டையைத் திருப்பிக் கொடுக்கத்தான் மனம் வரவில்லை.

"நாளைக்கு என் மச்சினன் வருவான். இங்கதானே இருப்பீங்க?"

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "காலையிலேயே வரச் சொல்லுங்க. அப்பதான் இந்தச் சுவர்ல வெளிச்சம் நல்லா விழுது."

மனைவி ஊர் திரும்பும் டிக்கெட்டை மாற்றப் போனாள்.