வெள்ளி வயிறு

என் மனைவி சகாயசெல்விக்குச் சிறுகுடலில் புற்றுநோய் என்று தெரிந்த அன்றே அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் வெள்ளியில் வயிறு வாங்கிப் போடுகிறேன் என்று. கணக்கு வாத்தியார் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள்.

கோயில் வாசல் கடையில் குடல் இல்லை. கண், கை, கால், வயிறு, இவைதான் வெள்ளித் தகட்டில் உண்டு. குடல் வயிற்றுக்குள்தானே இருக்கிறது என்று வயிற்றை வாங்கினேன். ஆபரேஷன் முடிந்து அவள் வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாளே கொண்டுபோய்ப் போட்டேன்.

"செத்த பொறுங்க. அடுத்த ஸ்கேன் பாத்துட்டுப் போடலாம்" என்றாள். நான் கேட்டால்தானே.

ஏழு மாதம் நன்றாக இருந்தாள். பிறகு அடிவயிறு உப்பியது. நேற்று டாக்டர் ஸ்கேன் படத்தில் பேனாவை வைத்து, "ரெண்டு சினைப்பைக்கும் பரவிருச்சு சார்" என்றார்.

"எடுத்துறலாமா டாக்டர்?"

"எடுக்கலாம். கீமோவும் குடுப்போம். ஆனா வேற எங்கயும் போகாதுன்னு சொல்ல முடியாது."

இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு விடை சொல்லிக்கொடுத்தவன் ஸ்கேன் படத்தை உறையில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

இன்று காலை நாகல் நகரிலிருந்து ஆட்டோ பிடித்து, அவளையும் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். வேறு எங்கே போக?

"அக்கா, சினைப்பை இருக்கா?"

"அதுக்கு எல்லாரும் புள்ள உருவந்தான் வாங்குவாக சார்" என்று கடைக்கார அம்மா தொட்டிலோடு ஒரு குழந்தையை எடுத்து நீட்டினார். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஆட்டோவுக்குள்ளிருந்து செல்வி சிரித்தாள். "இதப் போட்டா அந்தோணியார் தப்பா நெனச்சுக்குவாருங்க. நாப்பத்தாறு வயசுல புள்ளையக் குடுத்துருவாரு."

கடைக்கார அம்மாவும் சிரித்தார். நான் இன்னொரு வயிறே வாங்கலாமா, அதைத்தான் போட்டாயிற்றே என்று தகடுகளைப் புரட்டிக்கொண்டே நின்றேன்.

அவள் வயிற்றைப் பிடித்தபடி மெல்ல இறங்கி வந்தாள். என் கையிலிருந்த தகடுகளை வாங்கித் தட்டிலேயே வைத்தாள்.

"முழு ஆளு இருக்காக்கா? பொம்பள உருவம்?"

"இருக்கும்மா."

"அதையே குடுங்க."

பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "அது போற எடமெல்லாம் பின்னாலயே போயி, நீங்க ஒண்ணொண்ணா வாங்கிக்கிட்டு இருக்க முடியுமாங்க?"