கேலிமுறையில் பிடித்த பிள்ளை

கிலோம்பெரோ ஆற்றுப் பக்கம் நாற்று நடும் மாதங்களில் ஊரில் யாரும் இருக்கமாட்டோம், கண்ணுகளா. வயலுக்கு நடுவே கால் நட்டுக் கட்டிய பரண் குடிசைக்குப் பானை சட்டியோடு போய்விடுவோம். கொசுவலையும் கூடவே போகும். சோமோயே வீட்டு வலை மட்டும் அந்த வருஷம் கோழிக்குஞ்சுகளை மூடிக்கொண்டு கிடந்தது. மூடியவள் அவளுடைய நாத்தனார் ஹிதாயா. "பருந்து தூக்கிட்டுப் போனா நீயா குஞ்சு பொரிச்சுத் தருவே?" என்று கேட்டால், வாயும் வயிறுமாக இருந்த சோமோயே என்ன பதில் சொல்வாள்?

ஹிதாயாவைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். சோமோயேயின் மூன்று வயது மகள் தௌசி என்றால் அவளுக்கு உயிர். குழந்தை அத்தையின் இடுப்பை விட்டு இறங்கினால்தானே தாயிடம் வருவதற்கு! இறங்கினாலும், அத்தையைப் போலவே இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு கோழிகளைத் திட்டும்.

அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தது. மறுநாள் கஞ்சியைத் தள்ளிவிட்டுச் சுருண்டு படுத்தாள். பக்கத்தில் கோழி மேய்ந்தும் ஒரு வார்த்தை திட்டவில்லை.

"இதுதான் எனக்குப் பிடிக்கல," என்றாள் ஹிதாயா.

மதியம் குழந்தையின் கண் மேலே செருகியது. பல் கிட்டியது. முதலில் ஒரு கை மட்டும் வெட்டி இழுத்தது, பிறகு உடம்பு முழுவதும். வாயோரம் நுரை தள்ளியது.

"டெகெடெகெ!" என்று அலறினாள் ஹிதாயா.

டெகெடெகெ ஒரு பறவை. கண்ணுக்குத் தெரியாமல் வந்து பிள்ளையின் தலைக்கு மேல் சிறகடிக்கும். நிழல் பட்டால் வலிப்பு வரும் என்று நம்பியிருந்தோம். பறவை பிடித்த பிள்ளைக்கு ஊசி குத்தினால் உயிர் போய்விடும் என்றும் நம்பியிருந்தோம். ஹிதாயாவுக்கு அது வெறும் நம்பிக்கை இல்லை, கண்ணால் கண்டது. அவளுடைய ஒரே மகனுக்கு இதே போல வந்து, எல்லா வைத்தியமும் பார்த்து ஓய்ந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள். ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை போய்விட்டான்.

"அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்கா," என்று அழுதாள் சோமோயே.

"ஊசின்னு இன்னொரு தடவை சொன்னே, பல்லைப் பேத்துடுவேன். சிகிட்டுவைக் கூப்பிடு!"

குழந்தையின் அப்பா கருவாடு விற்க டவுனுக்குப் போயிருந்தான். தகப்பன் இல்லாத இடத்தில் அத்தை வைத்ததுதான் சட்டம்.

டெகெடெகெ வைத்தியம் தெரிந்தவள் சிகிட்டு. அடுத்த வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவள் முழங்கால் சேற்றோடு ஓடிவந்தாள். அவள் குலத்துக்கும் ஹிதாயாவின் குலத்துக்கும் கேலிமுறை உண்டு. ஒருவரை ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். சேவலோ செருப்போ, கைக்கு எட்டியதைப் பிடித்துக்கொண்டு போகலாம். பறிகொடுத்தவள் கோபிக்கக் கூடாது, பிடுங்கவும் கூடாது. ஏதாவது கொடுத்துத்தான் மீட்க வேண்டும். கோபித்துக்கொண்டவளை ஊரே கைகொட்டிச் சிரிக்கும்.

சிகிட்டு இலைத் தண்ணீரால் குழந்தையைத் துடைத்தாள். வலிப்பு நின்றது. ஆனால் குழந்தை கண் விழிக்கவில்லை. காதைக் கிள்ளினாள்; முகம் கூடச் சுளிக்கவில்லை. உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். தோல் உரித்த மரவள்ளிக்கிழங்கு மாதிரி வெளுத்திருந்தது. மேட்டில் ஏறி ஓடியவளுக்குப் போல மூச்சு நெஞ்சைக் குழித்து இழுத்தது.

அப்புறம் கொடியில் கிடந்த ஹிதாயாவின் காங்கா துணியை உருவி, குழந்தையைத் தன் முதுகில் கட்டினாள்.

"என்னடி பண்றே?"

"பிடிச்சிட்டேன். இது இனிமே என்னுது."

"விளையாடற நேரமாடி இது!"

"போன மாசம் உன் சேவலைப் பிடிச்சப்போ பல்லைக் காட்டிட்டு நின்னேல்ல? இப்பவும் நில்லு. என் பொருளை நான் எங்கே வேணா தூக்கிட்டுப் போவேன்."

"பறவை இன்னும் மேலேயே இருக்குடி! ஊசி போட்டா..."

"பறவையைத் துரத்தியாச்சு. அது என் தொழில், எனக்குத் தெரியாதா? மிச்சம் இருக்கிறது ஊசிக்காரன் தொழில். வழி விடு, குண்டச்சி!"

உண்மையில் அவள் வழக்கமாகச் செய்யும் வைத்தியத்தில் பாதி கூட அன்று செய்யவில்லை. ஹிதாயாவுக்கும் அது தெரியும். துணியின் ஓரத்தைப் பிடிக்கக் கை நீண்டது. பிடிக்கவில்லை; முறை தடுத்தது. சிகிட்டுவும் சோமோயேயும் ஒரு வாடகை மோட்டார் சைக்கிளில் ஏற, பின்னாலேயே இன்னொன்றில் சிகிட்டுவின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே ஹிதாயா வந்தாள்.

ஆஸ்பத்திரியில் கிபேகா என்ற இளம் டாக்டர் இருந்தார். குழந்தையின் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "சர்க்கரை அடியோட இறங்கிடுச்சு," என்று முதலில் அதைத்தான் நரம்பில் ஏற்றினார். பிறகு மலேரியா ஊசி. ஹிதாயா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தௌசியின் பாதத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். ஊசி ஏறியது. பாதம் சூடாகவே இருந்தது. வெகுநேரம் அவள் கையை எடுக்கவில்லை.

"இவளுக்கு உள்ளே என்னதான் ஆச்சு, மகனே?" என்று கேட்டாள்.

"கொசு விட்ட கிருமிம்மா. ரத்தத்துல இருக்கிற சிவப்பு அணுவுக்குள்ளே புகுந்து, பெருகி, அதை உடைச்சிட்டு வெளியே வரும். உடைஞ்சு உடைஞ்சு ரத்தமே வெளுத்துப்போகும். கிருமி புகுந்த அணுவெல்லாம் மூளையில இருக்கிற சின்னக் குழாய்ங்கள்ல ஒட்டிக்கும். உங்க வயல் மடையில சேறு அடைச்சா என்னாகும்?"

"கடைசி வயல் காயும்."

"அப்படித்தான். அதான் வலிப்பு, அதான் இந்த மயக்கம்."

ஹிதாயா பாதத்தை விடாமலே டாக்டரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ என் பையன்... ஊசியால போகலையா?"

"எப்பம்மா கூட்டிட்டு வந்தீங்க?" என்று மெதுவாகக் கேட்டார் கிபேகா. ஹிதாயா குனிந்து தௌசியின் பாதத்தை இன்னும் இறுக்கிப் பொத்தினாள். சிகிட்டு அவள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். அந்த நேரம் ஒரு கேலியும் செய்யவில்லை.

குழந்தைக்கு ரத்தம் வேண்டும் என்றார்கள். சோமோயே பிள்ளைத்தாய்ச்சி, சிகிட்டுவுக்கு வயதாகிவிட்டது. ஹிதாயாவின் ரத்தம் பொருந்தியது. அந்தத் தடித்த ஊசியை ஒரு தடவை பார்த்துவிட்டு அவள் கையை நீட்டினாள்.

"எடுங்க," என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"பாவம்டி குழந்தை," என்றாள் சிகிட்டு. "உன் ரத்தத்துல கோபத்தைத் தவிர வேற என்ன இருக்கு? எழுந்ததும் டாக்டரையே திட்டப்போறா பாரு."

விடிந்து வெயில் ஏறிய பிறகு தௌசி கண் திறந்தாள். யாரையும் அடையாளம் தெரியாதது போல விழித்தாள். சோமோயே தேம்பத் தொடங்கினாள். ஹிதாயா கஞ்சியை ஆற்றி ஸ்பூனில் நீட்டினாள். குழந்தை அதைத் தட்டிவிட்டு, "சுடுது, அத்தே! அறிவில்ல?" என்றது.

"சொன்னேன்ல!" என்று தொடையில் தட்டிச் சிரித்தாள் சிகிட்டு. ஹிதாயாவோ, யாரும் பார்க்காதபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீடு திரும்பிய பின்னும் கொஞ்ச நாள் தௌசியின் நடை தள்ளாடியது. அது நேரானதும், ஹிதாயா தன்னிடம் இருந்ததிலேயே கொழுத்த கோழியைத் தூக்கிக்கொண்டு சிகிட்டுவின் வயலுக்குப் போனாள். "இந்தா, பிடி. என் பிள்ளையை விடு."

சிகிட்டு கோழியை வாங்கிக்கொண்டாள். "கோழிக்கு நன்றி. பிள்ளையைத் தரமாட்டேன். உன்கிட்டே வளர்க்க விட்டிருக்கேன், அவ்வளவுதான். என் பொருள் ராத்திரி வலைக்குள்ளே தூங்கணும், ஆமா."

"திருட்டுக் கிழவி!" என்றாள் ஹிதாயா, வாய் நிறையச் சிரிப்போடு.

அன்று மாலையே குஞ்சுகள் மேலிருந்த வலையை எடுத்து, அலசி, தௌசியின் பாய்க்கு மேல் கட்டிவிட்டாள். குஞ்சுகள் திறந்தவெளியில் மேய்ந்தன. பருந்து வட்டமிடும்போதெல்லாம் தௌசி முற்றத்தின் நடுவே போய், இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு வானத்தைத் திட்டுவாள்.