முந்நூற்று அறுபத்தாறாம் படி

பொத்தானை அழுத்தியதும் முதல் சில நொடிகளுக்குக் கணினிக்குத் தான் யார் என்றே தெரியாது. தூக்கத்திலிருந்து எழுந்த குழந்தை மாதிரி மலங்க மலங்க விழிக்கும். அப்போது வட்டின் ஓரத்தில் இருக்கும் ஒரு பொடி நிரல் அதைத் தட்டி எழுப்பி, உள்ளே கிடக்கும் பெரிய மென்பொருளின் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுக் காணாமல் போகும். பூட் லோடர் என்பார்கள். எனக்கு அந்தச் சில நொடிகளின் மேல்தான் பைத்தியம்.

எங்கள் வீட்டில் எல்லோரும் திருத்தணி மலைக்கோயில் மடைப்பள்ளியில் பொங்கல் கிளறுகிறவர்கள். நான் மட்டும் உருப்படாமல் போனதாக அப்பாவுக்கு வருத்தம். மலையடிவாரத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்துக்கொண்டு, 1999இல் அப்படி ஒரு நிரலை எழுதினேன். 'முதல்படி' என்று பெயர் வைத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று மூல நிரலோடு இணையத்தில் போட்டேன். என்னோடு பாலிடெக்னிக்கில் படித்த, பக்கத்து ஊர் கே.ஜி.கண்டிகையைச் சேர்ந்த ஷாலினி சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே என் தப்புகளைத் திருத்தி அனுப்புவாள். பிறகு ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் அனுப்பினார்கள். விடியற்காலையில் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பேன். இந்நேரம் எங்கோ பனி கொட்டும் ஊரில் யாரோ பொத்தானை அழுத்துகிறார்கள்; இருட்டுத் திரையில் என் எழுத்து ஒவ்வொன்றாக வந்து நிற்கிறது. அந்த நினைப்பிலேயே காபி ஆறிப்போகும்.

2001இல் ஒரு காரியம் செய்தேன். எங்கள் மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி, நாளுக்கு ஒன்று. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி ஒவ்வொரு படிக்கும் பூஜை நடக்கும். அதனால் கணினி விழிக்கும்போது தேதியைப் பார்த்து, வருஷத்தின் எத்தனையாவது நாள் என்று கணக்குப் போட்டு, இன்று இந்தப் படி என்று திரையில் காட்டும்படி செய்தேன். பழைய கணினிகளில் பேட்டரி தீர்ந்து கடிகாரம் கிறுக்குப் பிடித்து நிற்கும். ஆகவே எண் ஒன்றிலிருந்து முந்நூற்று அறுபத்தைந்துக்குள் இல்லையென்றால் கடிகாரம் தப்பு என்று சொல்லி அங்கேயே நின்றுவிட வேண்டும் என்றும் எழுதிவைத்தேன். வருஷத்துக்கு எத்தனை நாள் என்று நான் யாரைக் கேட்க வேண்டும்? நடக்கத் தெரிந்த நாளிலிருந்து ஏறி இறங்கிய கணக்கு.

எழுப்ப வந்தது எழுப்பிவிட்டுப் போக வேண்டியதுதானே, அதற்குத் தேதி எதற்கு என்று ஷாலினி கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இரண்டு வாரம் அவளுக்குப் பதிலே போடவில்லை. அவளும் விட்டுவிட்டாள்.

2004 டிசம்பர் இருபத்தாறாம் தேதி கடல் ஊருக்குள் வந்தது. ஷாலினியும் நண்பர்களும் நான்கு பழைய கணினிகளை வேனில் ஏற்றிக்கொண்டு நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு முகாமுக்குப் போனார்கள். நான்கிலும் முதல்படி. எந்தப் பிள்ளை எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்ற பட்டியலை அதில்தான் ஏற்றினார்கள்.

முப்பத்தொன்றாம் தேதி காலை நான் அம்மாவுக்காகக் கற்பூரத் தட்டைத் தூக்கிக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தேன். முன்னால் பெண்கள் ஒவ்வொரு படியாகக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பாடிக்கொண்டே போனார்கள். கற்பூரப் புகையில் மலையே மிதப்பது போல இருந்தது. உச்சிக்குப் பத்துப் படி இருக்கும்போது செல்போன் அடித்தது.

"ஸ்கந்தா, மிஷினு எதுவும் எழுந்துக்கலடா," என்றாள் ஷாலினி. "ராத்திரி ஜெனரேட்டர் நின்னுபோச்சு. இப்ப போட்டா, கடியாரம் தப்புன்னு சொல்லிகினு நாலும் அப்படியே நிக்குது."

அப்படியானால் கடிகாரம் தப்பாகத்தான் இருக்கும், என் நிரல் பொய் சொல்லாது என்று எரிந்து விழுந்தேன். தேதி சரியாக இருக்கிறது, நான்கு தடவை பார்த்துவிட்டேன் என்றாள். அவள் குரல் தாழ்ந்தது.

"இங்க வள்ளியம்மாள்னு ஒரு அம்மா உக்காந்துகினு இருக்காங்க. அஞ்சு நாளா முகாம் முகாமா நடந்து வந்துருக்காங்க. ரெண்டு பசங்களைத் தேடிகினு. பட்டியல் இதுல மட்டும்தான்டா இருக்குது."

போனைக் காதில் வைத்தபடி பெண்களுக்குப் பின்னால் ஏறினேன். கடைசிப் படிக்கும் கற்பூரம் காட்டினார்கள். இன்னொரு படி இருக்கிற நினைப்பில் காலைத் தூக்கி வைத்தேன். படி இல்லை. கால் வெறும் தரையில் பொத்தென்று விழுந்தது.

அப்போதுதான் உறைத்தது. அந்த வருஷம் பிப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள். அன்று முந்நூற்று அறுபத்தாறாம் நாள். எங்கள் மலையில் அதற்குப் படி கிடையாது, என் நிரலிலும் இடம் கிடையாது.

"ஷாலினி, ஆன் பண்ணதும் செட்டப்புல போயி நேத்துத் தேதியப் போடு," என்றேன். "முப்பதுன்னு மாத்திட்டு மறுபடி ஆன் பண்ணு."

தட்டச்சு ஓசை கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. படி 365 என்று வருகிறது, எழுந்துகொண்டது என்று மெதுவாகச் சொன்னாள். பெயர்களைப் படிக்கத் தொடங்கினாள். கமலா, ஏழு வயது, தஞ்சாவூர் ஆஸ்பத்திரி, கையில் கட்டு. அந்தப் பக்கம் ஒரு பெண் ஓவென்று அழுதாள். நானும் படியில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல்.

பையன் பெயர் பெருமாள். பட்டியலை இரண்டு முறை மேலிருந்து கீழே படித்தாள். இல்லை.

போனை ஷாலினி துண்டிக்கவில்லை. ஷாலினி தேதியைப் பின்னால் தள்ளியதை அந்த அம்மாள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அழுகை ஓய்ந்த குரலில், மிகவும் மரியாதையாக அவர் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"இத இன்னும் ஒரு அஞ்சு நாளு பின்னாடி கொண்டுபோக முடியுமா, தாயி?"

அன்று சாயங்காலம் அந்தப் படிக் கணக்கை நிரலிலிருந்து முழுதாக எடுத்துவிட்டேன்.