பத்தில் ஆறு

அந்தப் பட்டியல் கைக்கு வந்ததிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில், எந்த வயதில் ஆயிரத்துக்கு எத்தனை பேர் சாகிறார்கள் என்று கணக்கிடுவது அவள் வேலை. சித்திரகுப்தன் தங்கச்சி என்று உடன் வேலை செய்பவர்கள் பட்டப்பெயரே வைத்திருந்தார்கள்.

"காணாமப் போயிட்டாங்கன்னு வீட்டுல எழுதிக் கொடுத்தவங்க, நானூறு பேரும்மா," என்றார் மேலாளர். "பிரீமியம் வருதேன்னு அத்தனை பேரையும் உயிரோட இருக்கறதா வச்சிருக்கோம். நாப்பது வயசுல யாருமே சாகாத மாதிரி கணக்கு பல்லிளிக்குது. யாரு கட்டறாங்கன்னு போன் போட்டுக் கேளு."

கேட்டுத்தான் தெரிய வேண்டுமா? பதினேழாவது பெயர் அவள் அண்ணன். ஆறு வருஷத்துக்கு முன் பல்பு வாங்கி வருகிறேன் என்று போனவன். மாதம் தவறாமல் கட்டுவது அவள்தான்.

மூன்று நாள் போன் போட்டாள். எடுத்ததெல்லாம் தாய், மனைவி, அக்கா. ஒரு தாய் பிடித்துக்கொண்டாள்.

"கட்டாம விட்டா செத்துட்டான்னு எழுதிடுவீங்களே, அதான் கட்டறேன். உங்க கூடப்பொறந்தவனா இருந்தா எழுதுவீங்களா?"

அந்தப் பெயருக்கு எதிரே 'தாய் கட்டுகிறாள்' என்று குறித்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போனாள்.

கட்டுவது வீட்டார்தான் என்றால், பணம் வருவதை வைத்து ஆள் உயிரோடு இருப்பதாகச் சொல்ல முடியாது. பழைய கோப்புகளைப் புரட்டினாள். முன்பு காணாமல் போய், பிறகு தகவல் கிடைத்தவர்களில் பத்துக்கு ஆறு பேர் இறந்திருந்தார்கள். ஆக, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 0.6 மரணம் என்று போட வேண்டும். பதினாறு வரை விரல் ஓடியது. பதினேழில் நின்றுவிட்டது.

எழுந்து தண்ணீர் குடித்தாள். ஜன்னலை மூடினாள், திறந்தாள். பக்கத்து மேஜைப் பேனாவுக்கு மூடி போட்டாள். ஒரே ஒரு பெயரை விட்டால் குடியா முழுகிவிடும்? யார் கண்ணிலும் படாது. ஆனால் அந்தத் தாயின் மகன் ஐந்தாம் வரியில் இருந்தான். அவனுக்குக் கை கூசாமல் எழுதியாகிவிட்டதே! 0.6 என்று தட்டிவிட்டு, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"இப்பத்தான் கணக்கு கணக்கு மாதிரி இருக்கு," என்றார் மேலாளர்.

சாயங்காலம் அம்மா போன் பண்ணினாள். "அண்ணனுக்கு இந்த மாசம் கட்டிட்டியாடி?"

"இதோ, கட்டப் போயிட்டே இருக்கேன்மா."

நடந்துகொண்டேதான் சொன்னாள். கவுண்டர் மூடக் கால் மணி நேரம் இருந்தது. பத்தில் நாலு பங்கு அண்ணன் இன்னும் மிச்சம் இருந்தான். அந்த நாலு பங்குக்கு மட்டும் கட்ட வழியில்லை. முழுசாகவே கட்டினாள்.