களவெட்டியில் சொல்லக்கூடாத சொல்

படம் காட்ட வெள்ளைப் படுக்கைவிரிப்பு ஒன்றைச் சுவரில் மாட்டி, யன்னல் திரைகளை இழுத்து மூடி, ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கே ஊர் மண்டபத்தை இருட்டாக்கிவிட்டார்கள். இவ்வளவு மெனக்கெட்டிருக்கத் தேவையில்லை. நவம்பர் மாதத்து டென்மார்க்கில், சில்க்போர்க்கில், இன்னும் ஒரு மணித்தியாலம் பொறுத்திருந்தால் வானமே அந்த வேலையைப் பார்த்திருக்கும். முப்பது முப்பத்தைந்து பேர், எல்லாம் நரைத்த தலைகள், கோப்பியும் கேக்குமாக உட்கார்ந்திருந்தார்கள். திரைக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு, கையில் நீளமான தடியொன்றையும் கொடுத்து, கோணேசனை இருத்தியிருந்தார்கள். தடியைப் பிடித்திருக்கிறோமா என்று அவன் இரண்டு தரம் குனிந்து பார்த்துக்கொண்டான். பன்றி இறைச்சித் தொழிற்சாலையின் குளிரறையில் பெட்டி மூடுகிற வேலை அவனுக்கு. ஒரு வருடமாக விரல்நுனிகளில் உணர்ச்சி சரியாக இல்லை.

படங்கள் இங்கருடையவை. இங்கரும், போல் என்கிற அவளுடைய கணவரும் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர்கள். போன வருடம் ஒக்டோபரில் நேபாளத்து மலைகளுக்குப் போய், படிப்படியாக வெட்டிய வயல்களில் அறுவடை நடப்பதைப் பார்த்து, எண்பது படம் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். இந்த ஊரில் யார் எங்கே போய் வந்தாலும் அதை ஊருக்குப் போட்டுக் காட்டாவிட்டால் பயணம் முடிந்ததாகக் கணக்கில்லை. "நான் நெல்லைப் பார்த்தவள் மட்டும்தான். நீ விளைவித்தவன். நீயே சொல்லு" என்று இங்கர் ஒரே பிடியாக நின்று அவனைக் கூட்டிவந்திருந்தாள். டேனிஷ் தடக்கினால் தூக்கிவிட, அவனோடு ஒரே அறையில் இருக்கும் யாழ்ப்பாணத்துக் குலேந்திரன் பக்கத்தில் இருந்தார்.

இங்கர் கேட்டால் கோணேசனால் மறுக்க முடியாது. மட்டக்களப்பில் தாய்மாமன் வீட்டில் இருக்கும் மனைவி ராசமலரையும் மகள் சுபாஜினியையும் கூப்பிட அவன் விண்ணப்பம் போட்டுப் பதினைந்து மாதமாகிறது. அவனுக்கு முன்னால் போட்டவர்களுக்கு நாலைந்து மாதத்தில் பதில் வந்தது. பிறகு யாருக்குமே வரவில்லை. தமிழர்களின் கோப்புகள் ஏன் அசையவில்லை என்பது பின்னாளில் நாடு முழுக்க அறிந்த வழக்காயிற்று. எண்பத்தெட்டாம் ஆண்டில் அது ஒருவருக்கும் தெரியாது. இங்கர் மட்டும் ஒரு நீலக் கோப்பு வைத்துக்கொண்டு மாதம் ஒரு கடிதம் அலுவலகத்துக்குத் தட்டச்சில் அடித்துப்போட்டாள். 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே வரியில் வரும் பதிலை இரண்டு துளை போட்டுக் கோப்பில் ஏற்றுவாள். அந்தக் கடிதங்களும் இல்லையென்றால், கோணேசன் என்று ஒருத்தன் காத்திருப்பதே அந்த அலுவலகத்துக்கு மறந்துபோயிருக்கும். முதல் ஐந்தாறு பதில்களுக்கு அவனுக்கு நெஞ்சு அடைத்தது. பிறகு அதுவும் நின்றுபோயிற்று. சாப்பிட்டான், வேலைக்குப் போனான், தூங்கினான். அழ வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

இங்கரின் கணவர் போல், படக்கருவியின் விசையை அழுத்த, 'டக்' என்று முதல் படம் விழுந்தது. மலை முழுக்கப் படி. ஒவ்வொரு படியிலும் மஞ்சளாய்ப் பழுத்த நெல். மண்டபம் "ஆ" என்றது. கோணேசனுக்கு முதலில் வந்தது சிரிப்புத்தான். அவனுடைய ஊரில் நிலம் கைவிரித்துப் படுத்துக் கிடக்கும். காலையில் வரம்பில் ஏறினால் கண் போய் முட்ட ஒன்றும் இருக்காது. இதென்ன, ஒரு சோடி மாடு திரும்பினால் பின்கால் கீழ்வயலில் நிற்கும் போலிருக்கிறதே. எப்படி உழுதார்கள்? வரம்பு உடைந்தால் அன்றைக்கே கட்டாவிட்டால் மலையே இறங்கி வந்துவிடாதா? தன்னை அறியாமல் எழும்பி, தடியால் படி படியாகத் தொட்டுக்கொண்டு இறங்கினான்.

"தண்ணி மேலயிருந்து கீழ வரும். அதால மேல் வயல்காரன் நல்லவனா இரிக்கணும்" என்றான். குலேந்திரன் அதை டேனிஷில் சொன்னதும் மண்டபம் கொல்லென்று சிரித்தது.

அரிவாளும் கையுமாகப் பெண்கள் வந்தார்கள். கதிர்க் கட்டைத் தலைக்கு மேல் ஓங்கிக் கல்லில் அடித்தார்கள். தங்கள் ஊரில் பெண்கள் களவெட்டிக்குள், அதாவது சூடடிக்கிற களத்துக்குள், கால் வைப்பதில்லை என்று கோணேசன் சொன்னபோது பின்வரிசைப் பெண்களிடமிருந்து ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ராசமலர் சோற்றுப் பெட்டியைச் சுமந்து வந்து வரம்போடு நின்றுவிடுவாள். "இஞ்ச வெச்சிரிக்கன்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத் திரும்பி நடப்பாள். அந்த வரம்பில் அவள் நிற்பது அவனுக்கு நன்றாகவே தெரிந்தது. தெரிந்தும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. அடுத்த படத்தில் இங்கரின் கணவர் தடித்த மலைச் சப்பாத்துகளோடு நெல் காயும் பாயின் மேலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தார். கோணேசன் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

அதற்கடுத்த படம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. தூற்றி முடித்த நெல் ஒரே குவியலாக, திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் மட்டும் நின்றது. பொலி. ஆளுயரப் பொலி. பின்னேர வெயில் பட்டுத் தகதகவென்று நின்றது. போல் அந்தப் படத்தை மாற்றாமல் விட்டுவைத்தார். அப்போதுதான், கம்பளிச்சட்டை போட்ட ஒரு பெரியவர் எழும்பி, தவறாக ஒன்றும் நினைக்காமல் கேட்டார்:

"உன் மனைவிக்கு அனுமதி கிடைத்துவிட்டதா?"

பேருந்திலும் வேலையிடத்திலும் முடிவெட்டுகிற கடையிலும் பதினைந்து மாதமாகக் கேட்டுப் புளித்த கேள்வி. பதிலும் நாக்கிலேயே இருந்தது. ஆனால் களவெட்டியில் ஒரு வழக்கம் இருக்கிறது. பொலியை அளந்து வீட்டுக்கு ஏற்றும் மட்டும் அங்கே 'இல்லை' என்று சொல்லக்கூடாது. 'போ', 'குறைவு', 'முடிஞ்சுது', எதுவும் கூடாது. குடிக்கிற தண்ணீர்ப் பானை வற்றிப்போனால் "பானை நிறைஞ்சிரிக்கி" என்பார்கள். கேட்டவன் ஒன்றும் பேசாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போவான். பன்னிரண்டு வயதிலிருந்து கோணேசனின் வாய் அப்படிப் பழகிய வாய். பொலியைப் பார்த்தபடி நின்றவன், "வருகிறாள்" என்றான், டேனிஷில், தெளிவாக. "அவள் வருகிறாள்."

இந்த மண்டபத்தில் குடத்தைத் தூக்குகிறவர் யாரும் இருக்கவில்லை. படபடவென்று கைதட்டல். யாரோ விளக்கைப் போட்டார்கள். இங்கர் ஓடிவந்து அவனைக் கட்டிப்பிடித்து விக்கி விக்கி அழுதாள். அவளுடைய கண்ணீர் தன் கழுத்தில் படுவது தெரிந்தது. அது சூடாக இருக்கிறது என்பதும் தெரிந்தது. அவ்வளவுதான்.

பேருந்துத் தரிப்பில் குலேந்திரன் சிகரெட்டைப் பற்றவைத்தார்.

"ஐசே, எப்ப காயிதம் வந்தது? எனக்கு ஒண்டும் சொல்லேல்லை."

"வரல்ல அண்ணன்."

"என்ன? பிறகேன் அப்பிடிச் சொன்னனீர்?"

கோணேசன் காரணத்தைச் சொன்னான். "பொலி முன்னுக்கு நிண்டிச்சு. இல்லயெண்டு சொல்ல வாய் வரல்ல."

குலேந்திரனுடைய ஆட்கள் புகையிலைத் தோட்டக்காரர்கள். அவருக்கு இது ஏறவில்லை. "அது படம் ஐசே. கட்டில் விரிப்பில விழுந்த வெளிச்சம்."

"தெரியும் அண்ணன்."

"நாளைக்கே போய் உள்ளதைச் சொல்லும்."

"ஓம், சொல்றன்."

நாளைக்குச் சொல்லவில்லை. மறுநாள் வேலை முடிந்து வந்தபோது வாசலில் ஒரு குழந்தைக் கட்டில் நின்றது. செவ்வாய்க்கிழமை கம்பளிச்சட்டைப் பெரியவர் ஒரு மேசைவிளக்கு கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை, பெயர் தெரியாத ஒரு பெண், ராசமலருக்கென்று ஒரு குளிரங்கியைத் தந்து, "அவள் உயரமா?" என்று கேட்டாள். இல்லை, என் தோளளவு என்று கை காட்டினான். அதற்கு மட்டும் 'இல்லை' வந்தது. ஒவ்வொரு பொருளும் வந்து சேரச் சேர அந்த ஒரு சொல் இன்னும் கனத்தது. சாமான்களைச் சுவரோரமாக அடுக்கினான். இரண்டு பேர் படுக்கிற அறையில் இப்போது நாலு பேருடைய வீடு நின்றது. குலேந்திரன் பக்கவாட்டாக நடந்து தன் கட்டிலுக்குப் போனார்.

டிசம்பர் தொடக்கத்தில் இங்கர் மகளின் கால் அளவு கேட்டாள். பனிச் சப்பாத்து வாங்கவாம். சுபாஜினிக்கு இரண்டு வயதாக இருக்கும்போது விட்டுவிட்டு வந்தவன். இப்போது அவளுக்கு ஐந்து. எந்த அளவைச் சொல்வது? 'பிள்ளையின் வலது காலைத் தாளில் வரைந்து அனுப்பவும்' என்று ராசமலருக்கு எழுதினான். ஏன் என்று எழுதவில்லை. எழுதினால் பொய் இரண்டாகும் என்று நினைத்தான். எழுதாவிட்டாலும் அப்படித்தான் ஆகும் என்பது அவனுக்குத் தோன்றாமற் போயிற்று.

தை பிறந்த பிறகுதான் பதில் வந்தது. கோடு போட்ட ஒற்றைறூள் கொப்பித்தாளில் நீலப் பேனையால் ஒரு பாதம். சுண்டுவிரலடியில் கோடு வழுக்கி வெளியே ஓடியிருந்தது. கூச்சத்தில் பிள்ளை காலை இழுத்திருக்க வேண்டும். கீழே ராசமலரின் கையெழுத்து: 'நீங்கள் கேட்டபடி அனுப்புகிறேன். சப்பாத்துக்குத்தான் என்று விளங்குகிறது. அப்படியென்றால் அனுமதி வந்துவிட்டது. நீங்களாகச் சொல்லும்வரை நான் கேட்கமாட்டேன். பிள்ளைதான் பள்ளிக்கூடமெல்லாம் சொல்லித் திரிகிறாள். மாமா இரண்டு பசுவையும் விற்க ஆள் பார்க்கிறார்.'

குலேந்திரன் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"இங்கர் ரெண்டு மாசமா கந்தோருக்குக் கடிதம் போடேல்லை, தெரியுமோ? அலுவல் முடிஞ்சுதெண்டு கோப்பை மேல வைச்சிட்டாவாம். கடையில கண்டு சொன்னவ." கடிதத்தை மடித்து அவன் கையில் வைத்தார். "உமக்காகக் கதைக்க அந்த ஒரு மனுசிதான் இருந்தது ஐசே."

கோணேசன் தன் குளிரங்கியை மாட்டிக்கொண்டு அப்போதே புறப்பட்டான். சனிக்கிழமை, காலை பதினொரு மணி. ஏரி விளிம்போடு உறைந்து கிடந்தது. வழிநெடுக டேனிஷில் சொல்லிப் பார்த்தான். சொல்லச் சொல்ல அது வேறு யாரோ ஒருத்தனுடைய செய்தி மாதிரி இருந்தது.

இங்கர் கதவைத் திறந்ததுமே அவன் கையில் இருந்த தாளைப் பார்த்துவிட்டாள். "வந்துவிட்டதா!" என்று வாங்கிக்கொண்டு உள்ளே ஓடி, சிவப்புச் சப்பாத்துச் சோடியொன்றை எடுத்துவந்து மேசையில் வைத்தாள். இருபத்தெட்டாம் அளவு. குத்துமதிப்பாக வாங்கிவிட்டாளாம். தாளை மேசையில் விரித்து, பாதத்தின் மேல் சப்பாத்தை நிறுத்தினாள். நாலு பக்கமும் கோடு மறைந்தது. முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடமிருந்தது.

"இந்தக் குளிருக்குப் போதும், இல்லையா?" என்றாள்.

"இல்லை" என்றான் கோணேசன். தமிழில்தான் வந்தது. பிறகு டேனிஷில் சொன்னான்: "இல்லை. அனுமதி வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை. நான் சொன்னது உண்மையில்லை."

களவெட்டி, பொலி, பானை, குடம், எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று வந்திருந்தான். ஒன்றுக்கும் டேனிஷ் வரவில்லை. இங்கர் கதிரையில் உட்கார்ந்தாள். அவளுடைய முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது.

"நவம்பர், டிசம்பர்" என்றாள். "இரண்டு மாதம் நான் எழுதவில்லை."

"ஓம்" என்றான்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எழும்பி, முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அலுமாரி உச்சியிலிருந்து நீலக் கோப்பை இறக்கித் தூசியைக் கையால் துடைத்தாள். தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் சுற்றி, திகதியை அடித்தாள். இரண்டு வரி அடித்துவிட்டு நிறுத்தி, மேசையைப் பார்த்தாள்.

"இதையும் அனுப்புகிறேன். பிரதி எடுத்து" என்றாள். "அவர்களுக்கு இவள் ஒரு இலக்கம் மட்டும்தான். காலைப் பார்க்கட்டும்."

சப்பாத்தைத் தூக்கி ஒருபக்கம் வைத்தாள். தாளின் மூலையில் 'இணைப்பு பதினாறு' என்று அழகாக எழுதினாள். நடுவை மடித்து அடையாளம் பார்த்து, தாளின் இடது ஓரத்தைத் துளைபோடும் கருவிக்குள் செருகினாள். பாதம் தாளில் குறுக்கே கிடந்தது; குதிக்கால் அந்த ஓரத்தோடுதான் இருந்தது. கோணேசன் வாயைத் திறந்தான். அதற்குள் அவள் அழுத்திவிட்டாள்.

'டக்' என்றது. ஒரு துளை வெறும் தாளில் விழுந்தது. மற்றது குதிக்காலில்.

கோணேசன் தன் சப்பாத்துக்குள் வலது காலின் ஐந்து விரல்களையும் இறுக மடக்கினான். மேசையில் நீலக் கோட்டின் சிறு வளைவொன்றோடு வட்டமாக விழுந்து கிடந்த கடதாசித் துண்டை விரல்நுனியால் ஒற்றி எடுத்தான். முதல் தடவை அகப்படவில்லை. இரண்டாம் தடவை ஒட்டிக்கொண்டது.