கறுப்பு ஐஸ்

நிவேதா ஆய்வுக்காகத் தயாரித்த கருங்குழம்பைக் குளிரில் வைக்காவிட்டால் கெட்டுவிடும். காரைக்குடி ஆய்வகத்தில் அன்று பராமரிப்புக்காகக் காலையில் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். வேறு வழியில்லாமல், குழம்பை ஒரு பிளாஸ்டிக் குப்பியில் அடைத்து ஐஸ் பெட்டிக்குள் வைத்து, தோழி சண்முகப்ரியாவின் கல்யாணத்துக்கே தூக்கிக்கொண்டு கண்டனூர் வந்துவிட்டாள்.

குப்பிக்குள் மிதந்தவை கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏடுகள். ஏடுகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால் அயனிகள் சரசரவென்று உள்ளே போய் வரும். அவற்றால் செய்த மின்கலம் சட்டென்று சார்ஜ் ஆகும். ஆனால் ஓவனில் உலர்த்தும்போதெல்லாம் அவை நமுத்த அப்பளக் கட்டுப்போல ஒட்டிக்கொண்டன. உறையவைத்து உலர்த்தலாமா என்று நிவேதா கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். "ஐஸு ஏட்டைக் கிழிச்சிரும்மா" என்பதே பேராசிரியர் சத்தியமூர்த்தியின் பதில்.

தாலி கட்டி முடிந்ததும் பார்த்தால், பெட்டிக்குள் குப்பியைக் காணோம். பதறிப்போய், யாராவது எடுத்தார்களா என்று கேட்கப் பந்திப் பக்கம் ஓடினாள்.

"ஐஸெல்லாம் தண்ணியாக் கெடந்துச்சு. அதான் குப்பியைத் தூக்கி நம்ம ஃப்ரீசர்ல போட்டேன்" என்றார் ஐஸ்கிரீம் கொடுத்துக்கொண்டிருந்த முத்தரசு. "கல்லாட்டம் உறைஞ்சிருச்சு. கறுப்பு திராட்சை ஐஸான்னு ரெண்டு பேரு கேட்டுட்டாக."

நிவேதா உடனே பேராசிரியருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

"இங்க கரண்ட் வந்துருச்சு. உருகவிட்டு எடுத்துட்டு வா. தேறுதான்னு பாப்போம்."

"உருகவிட மாட்டேன் சார். அப்படியே உலர்த்திப் பாத்துருவோம்."

"சரி, வா" என்றார்.

முத்தரசு பெட்டி நிறைய, கூடுதல் குளிருக்காக உப்பு கலந்த ஐஸைக் கொட்டிக் கொடுத்தார். மணப்பெண்ணின் தம்பி விஷ்வா ஸ்கூட்டரைக் கிளப்ப, பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஏறினாள். உச்சி வெயில். வழியில் ரயில்வே கேட் வேறு மூடிக் கிடந்தது.

"என்னக்கா, பிள்ளையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறாப்புல இருக்கீக?"

"பேசாம ஓட்டுடா!"

உறைந்தது உறைந்தபடியே ஆய்வகம் வந்து சேர்ந்தது. வெற்றிடக் கருவியில் பனி உருகாமலே ஆவியாகிப் போக, மறுநாள் உள்ளே கறுப்புப் பஞ்சு ஒன்று பொசுபொசுவென்று உட்கார்ந்திருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தாள். ஏடுகள் கிழியவில்லை, விலகி விலகி நின்றன.

அதைக்கொண்டு செய்த மின்கலம் பழையதைப்போல இரண்டு மடங்கு மின்சாரத்தை அதே நேரத்துக்குள் வாங்கி வைத்துக்கொண்டது. நிவேதாவுக்கு நம்பிக்கை வரவில்லை. புதிதாகக் குழம்பு தயாரித்து, இம்முறை தானே உறையவைத்து, இன்னொன்று செய்தாள். அதுவும் அப்படியே.

கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்த சத்தியமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ முதல்ல கேட்டப்பவே விட்டிருக்கணும்மா. சொல்லு, அடுத்து என்ன பண்ணலாம்?"

இதுவரை அவர் அவளிடம் அப்படிக் கேட்டதே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் சொல்ல ஆரம்பித்தாள்.